எதிர் மரத்தடி உத்தியோகஸ்தர்

கண்காணிப்பு விதிகளில் முதலாவது: காவல் இருப்பவர் யாரென்று காவலுக்கு உள்ளானவருக்குத் தெரியக் கூடாது. இரண்டாவது: தேவை தீர்ந்ததும் காவலை எடுத்துவிட வேண்டும். தலை நரைக்கும் வரை கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவன் சொல்கிறேன் — இரண்டும் நல்ல விதிகள். திருத்தணியில் எங்கள் தெருவுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

பக்கத்து வீட்டு முனுசாமி மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்பவர். நாற்பத்திரண்டு ஆகஸ்டுப் போராட்டத்தில் கொடி பிடித்து, கொஞ்ச நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அன்று முதல் எதிர்ப் புளியமரத்தடியில் ஒரு மஃப்டி போலீஸ்காரர். வேட்டி, துண்டு, வாய் நிறைய வெற்றிலை... வேஷம் கச்சிதம்! ஆனால் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் போனால் மட்டும் விறைப்பாக எழுந்து நிற்பார். தெருவுக்கே தெரிந்துபோனது. முனுசாமியின் மனைவியே அவருக்கு மோர் கொடுத்தனுப்புவார்.

இந்தச் சிரிப்பெல்லாம் எதுவரை? மகள் சரோஜாவுக்கு வரன் பார்க்கும் வரை. வாசலில் போலீஸ் இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? வந்த வரன்கள் தெருமுனையோடு திரும்பின. காவலை எடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு நான் மனு எழுதினேன். பதில் இல்லை.

தை பிறந்ததும் நகரியிலிருந்து ஒரு வரன் வந்தது. வீட்டுக்குள் நுழையும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் வழக்கமல்லவா? மாப்பிள்ளையின் அப்பா வண்டியிலிருந்து இறங்கி — நேரே புளியமரத்தடிக்குப் போனார்! சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஊர் விஷயம் தெரியும் என்ற கணக்கு.

வீட்டுக்குள் ஜன்னலோரம் என்னோடு நின்றிருந்த முனுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "போச்சு சார்... எம் பொண்ணு கல்யாணம் அவ்ளோதான்."

மரத்தடியில் மாப்பிள்ளையின் அப்பா கேட்பது காதில் விழுந்தது: "இன்னாங்க, இந்த வூட்டு மனுஷங்க எப்படி?"

மஃப்டி வெற்றிலையைத் துப்பினார். மேலதிகாரிக்கு ஒப்பிப்பது போலத் தொடங்கினார். "தெனம் பாத்துகினுதான கீறேன். வெடிஞ்சா கடை, வெளக்கு வெச்சா வூடு. குடி கெடையாது. சந்தேகப்படுற மாதிரி ஆளுங்க வர்றதில்ல."

"பொண்ணு?"

"நல்ல பொண்ணுங்க. அம்மா கூட மட்டும் சண்ட போடும். நேத்து கத்திரிக்கா கொழம்புக்கு."

"இவ்ளோ வெவரமா! நீங்க இன்னா வேலைங்க?"

மஃப்டி அவசரமாக அடுத்த வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார். முனுசாமிக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய், சம்பந்தி முறை வைத்துக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்: "பாவா, மறைக்க இஷ்டமில்ல. அவரு போலீசு. என்னப் பாக்கத்தான் குந்திகினு கீறாரு."



மாப்பிள்ளையின் அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்போ சர்க்காரே ஆளு போட்டு வெசாரிச்சிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லு பாவா! தட்டு மாத்திக்கலாமா?"

எல்லோரும் சிரித்தோம். உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் மட்டும் சீறியது: "எங்க வூட்டுக் கொழம்புச் சண்டைய அந்தாள யாரு கேக்கச் சொன்னது?"

நியாயமான கேள்வி. வீட்டில் வெடிகுண்டு இருக்கிறதா என்று சர்க்கார் பார்க்கட்டும். ஊர் பத்திரமாக இருக்கும். குழம்புச் சட்டியையும் ஏன் எட்டிப் பார்க்க வேண்டும்? குண்டுக்கும் குழம்புக்கும் நடுவே கோடு எங்கே என்று நான் படித்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. சரோஜாவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுப்பாள்.

வைகாசியில் கல்யாணம். பந்தியில் ரசம் பரிமாறியவர் மஃப்டிதான். 'கண்காணிப்பில் இடைவெளி கூடாது' என்று விளக்கம் வேறு!

என் மனுவுக்கும் ஒருவழியாகப் பதில் வந்தது. 'மேற்படி வீட்டுக்குக் காவல் ஏதும் போடப்படவில்லை.' மரத்தடிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். மஃப்டி இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நானு இன்னா சார் பண்ணிகினு கீறேன்?"

மனுவுக்குப் பதில் வந்தது ஆடிக் கிருத்திகையன்று — சரோஜா தலை ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மஃப்டியின் கேள்விக்கு வாசலிலிருந்து அவள்தான் பதில் சொன்னாள்: "எங்க வூட்டுக் கொழம்புக்குக் காவலு கீறீங்க!"