அக்கரை ஊரோடு ஒரு புகைக் கணக்கு

கார்பன் கணக்கெடுப்பு என்பது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, அதைக் கேள்விப்பட்டே இராதவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரும் உத்தியோகம். அடுத்த வருடம் இதே நாற்காலியில் இருப்போமா என்று தெரியாமல் ஒப்பந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மதுரையை ஒட்டி ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். அதற்கும் கடல்தாண்டி ஐரோப்பாவின் வடக்கில் இருந்த ஒரு சிறிய ஊருக்கும் கூட்டு; அதை அக்கரை ஊர் என்றே சொல்கிறேன். இரண்டு நாட்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. எங்கள் ஊர் எவ்வளவு கார்பனை வெளியே விடுகிறது என்று நாங்கள் கணக்கெடுக்க வேண்டும். அதைக் குறைக்கும் கருவிகளை அவர்கள் அனுப்புவார்கள். முதல் வருடத்தில் மின்சாரச் செலவு குறைந்தால் திட்டம் இன்னும் சில வருடங்கள் நீளும், கூடவே நானும் நீளுவேன். குறையாவிட்டால் வீடு. வீட்டில் அப்பா என் ஜாதகத்துக்குப் பல நகல்கள் எடுத்து வைத்திருந்தார். ஆகவே உலகம் குளிர வேண்டும் என்று அந்த வருடம் மிகவும் வேண்டிக்கொண்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அத்தாச்சி வீட்டு சிலிண்டர்

முதல் வேலை, வீடு வீடாகப் போய் எந்த அடுப்பில் சமைக்கிறார்கள் என்று கேட்பது. ஒரு தெரு முழுக்க எல்லா வீட்டிலும் விறகு என்றே சொன்னார்கள். தெருவில் புகை வாசனையே இல்லை. கடைசி வீட்டில் சமையலறை மூலையில் ஒரு பழைய சேலை நின்றுகொண்டிருந்தது. காற்றில் அது விலகியபோது உள்ளே சிவப்பாகக் கேஸ் சிலிண்டர்.

கேஸ் இருப்பது தெரிந்தால் ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துவிடும் என்பதால் என்னைக் கண்டதும் தெருவே சேலை போர்த்தியிருக்கிறது. நான் ரேஷன் ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நான் சிலிண்டரைப் பார்ப்பதை அந்த வீட்டு அம்மா பார்த்துவிட்டார். “அது எங்க அத்தாச்சியோடது. ஊருக்குப் போகையில வச்சிட்டுப் போயிருக்கா. நீ விறகுன்னே எழுதிக்க தாயி. புகை என்ன உன் கண்ணுலயா படப்போகுது?” என்றார்.

ஆள் வராத மேசை

நகராட்சியில் எனக்குப் பிறப்பு இறப்புப் பதிவுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். அங்கே எப்போதும் கூட்டம். என் மேசைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியை அந்தக் கூட்டம் எடுத்துக்கொண்டு போய்விடும். மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸோடு ஒரு பெரிய மேசையில் கூடுவார்கள். யாரும் என்னை வர வேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. நான் வீட்டில் சௌராஷ்டிரம், அலுவலகத்தில் தமிழ், அக்கரை ஊருக்கு எழுத ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அதிகம் பேசாதவள். கணினியைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடிப்பேன்.

ஒருநாள் பேரனின் பிறப்புச் சான்றிதழுக்கு வந்த பெரியவர் ஒருவர், இடமில்லாமல் என் எதிரே வந்து நின்றார். இது என்ன பிரிவு என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். கார்பன், வெப்பம், இரண்டு நாட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அந்த அலுவலகத்தில் நான் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “அப்ப இதுக்குன்னு உங்ககிட்ட ஒருத்தரும் வரமாட்டாக. குடுத்து வச்சவுக நீங்க” என்றார்.

வரவேற்பு

அக்கரை ஊரில் இதே வேலையைப் பார்த்தவள் இங்கிரிட். அவளும் அவர்கள் ஊர்த் தலைவரும் ஒருமுறை வந்தார்கள். அந்தத் தலைவர் தம் ஊரில் சைக்கிளில் அலுவலகம் போகிறவர். ஊர் எல்லையிலேயே சரவெடி போட்டு, முன்னால் ஜீப்புகள், பின்னால் வரிசையாகக் கார்கள், நடுவில் ஜெனரேட்டர் வண்டியில் ஒலிபெருக்கி என்று அழைத்துவந்தோம். கடைசிக் காரில் நானும் இங்கிரிட்டும். முன் இருக்கையில் எங்கள் ஒயர்மேன் பாண்டி அண்ணன்.

இங்கிரிட்டும் அதிகம் பேசவில்லை. தன் அலுவலகத்திலும் இந்த வேலைக்குத் தான் ஒருத்திதான் என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை. பிறகு அவள் வெடிப்புகையையும் வண்டி வரிசையையும் பார்த்து, இந்தப் புகையை நம் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டாள். நான் அதைத் தமிழில் பாண்டி அண்ணனிடம் கேட்டேன். அவர் திரும்பாமலே, “மரியாதைன்னு எழுதச் சொல்லுங்க மேடம்” என்றார்.

பட்டப்பகல் விளக்கு

அதுவரை எங்கள் தெருவிளக்குகளைப் பாண்டி அண்ணன்தான் ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டியாகப் போய்ப் போடுவார், அணைப்பார். மறந்த நாளில் விளக்கு வீணாக எரியும். அதற்காக அவர்கள் ஊரிலிருந்து தானியங்கிப் பெட்டிகள் வந்தன. சூரியன் மறையும்போது தானாகப் போட்டு, உதிக்கும்போது தானாக அணைக்கும். எங்கள் நகராட்சிப் பொறியாளர் முன்னிலையில் பொருத்தினோம். அவர்கள் ஊர் நேரத்தை அழித்து நம் ஊர் நேரத்தை வைத்தோம்.

மார்கழி மாதம். மறுநாள் மத்தியானம் மூன்றரை மணி வெயிலில் ஊர் முழுக்க விளக்கு எரிந்தது. அடுத்த நாள் காலை ஒன்பது மணி வரை அணையவில்லை. அக்கரை ஊரில் அந்த மாதம் அப்படித்தான் விடியும், இருட்டும். நாங்கள் கடிகாரத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம், பெட்டிக்குள் இருந்த அவர்கள் ஊர்ச் சூரியனை மாற்றவில்லை. விவரப் புத்தகம் அவர்கள் மொழியில் இருந்தது. இங்கிரிட் விடுமுறையில் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து வழி சொல்லும்வரை அந்த மாதம் முழுக்க விளக்குகள் எரிந்தன. மீட்டர் ஓட ஓட என் வேலை கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழையபடி கையால் போடலாம் என்றால், வந்த சாமானைக் கழற்ற இரண்டு அரசுகளின் அனுமதியும் வேண்டுமாம். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்டார். “ஏம் பாப்பா, சூரியன் எங்கன இருக்குன்னு தேடுறதுக்கா லைட்டைப் போட்டு வச்சிருக்கீக?”

இரண்டு மாதங்கள்

இங்கிரிட் சொன்னபடி மாற்றியதும் மறுமாதம் மின்செலவு நன்றாகக் குறைந்தது. வருட அறிக்கை எழுதும்போது, எரிந்த மாதத்தை விட்டுவிட்டுக் குறைந்த மாதத்தை மட்டும் காட்டும்படி பொறியாளர் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. என் வேலையை நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விளக்குகளை ஊரே பார்த்திருந்தது. அதோடு, அக்கரையில் இதைப் படிக்கப்போகிறவள் ஒருத்திதான். எனக்கு இருந்ததும் அந்த ஒருத்திதான். அவளிடம் பாதி சொல்லிப் பாதியை மறைக்க மனம் வரவில்லை.

ஒன்றும் பதில் சொல்லாமல் இரண்டு மாதத்தையும், ஏன் அப்படி ஆனது என்பதையும் எழுதிக்கொண்டுபோய் வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “கேட்டா வாயே திறக்க மாட்டீக. எழுதுறப்ப மட்டும் இம்புட்டா எழுதுவீக?” என்றார்.

கடைசி நாள்

அறிக்கை நன்றாக இருக்கிறது என்றுதான் இங்கிரிட் எழுதினாள். அதற்குள் அவர்கள் நாட்டில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிய அரசு டெல்லியின் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொன்னது. டெல்லி அவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொன்னது. இரண்டு பேரும் அப்படிக் காத்திருக்கையில் என் ஒப்பந்தம் முடிந்தது. இங்கிரிட்டின் கடைசி மின்னஞ்சலும் அன்றுதான் வந்தது. அவளுக்கும் அந்த மாதத்தோடு வேலை முடிகிறதாம்.

சாயங்காலம் பேருந்துக்கு நின்றபோது, இருட்டத் தொடங்கியதும் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தாமே எரிந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாண்டி அண்ணன் மட்டும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். “போயிட்டு வாரேண்ணே” என்றேன். இங்கிரிட்டும் போகிறாள் என்பதைச் சொன்னேன். அவர் கம்பத்தில் இருந்த பெட்டியைத் தட்டிக் காட்டினார். “நீங்களும் போயிட்டீக, அந்தம்மாவும் போயிருச்சு. நாளைக்கு இந்தப் பெட்டி மக்கர் பண்ணுனா நான் யார்ட்ட மேடம் சொல்றது?”

ஆக, இரண்டு நாடுகளும் இரண்டு ஊர்களும் ஒரு வருடம் கைகோத்து நின்று சந்தேகமில்லாமல் குறைத்துக் காட்டியது, அங்கே ஓர் ஆள், இங்கே ஓர் ஆள்.