குஷன்காரர் தைத்த பயணம்

குஷன்காரர் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் சீட்டை அமுக்கிப் பார்ப்பார். பஸ்ஸில் போனால் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவார். ஆனால் அந்த பஸ்ஸில் எந்தத் தையல் எப்போது விட்டுப்போகும் என்று சொல்லிவிடுவார். எங்கள் தெருமுனையில் கார், வேன் சீட்டுகளுக்கு ஃபோம் வைத்துத் தைக்கும் கடை அவருடையது. இத்தனை வண்டிகளோடு புழங்கியும் ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கடைக்குள் நிற்கும் வண்டியை வெளியே எடுக்கக்கூடப் பக்கத்துக் கடை மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். மெக்கானிக் அவருடைய மச்சினன் என்பதால் கிண்டல் இலவசம்.

ஓட்டத் தெரிந்தவர் அவர் மனைவி. பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் அவர் வேன் அக்காதான். வீட்டுக்கு வீடு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு ஹார்ன், ஹார்னுக்குப் பதிலாக உள்ளேயிருந்து "இதோ சாக்ஸ் மாட்டுறான்க்கா!" என்று ஒரு குரல். இந்த வேலையில் டாப் கியர் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். அதனால் அவருக்கு ஒரே ஆசை: நாட்டின் இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைவரை ஓட்டிப் போக வேண்டும். இருட்டுகிற இடத்தில் கூடாரம் போட வேண்டும். யாருக்காகவும் ஹார்ன் அடிக்கக் கூடாது.

ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் பேச்சு எழும். ஒவ்வொரு முறையும் கடையில் வேலை குவிந்திருக்கும். இந்தத் தடவை வேன் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை காலைல நான் கிளம்புறேன். வர்றவங்க வரலாம்."

மச்சினன் ஒரு பழைய வேனைப் பிடித்து எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தான். அதைக் கடைக்குள் நிறுத்தி உள்வேலையைக் குஷன்காரர் எடுத்துக்கொண்டார். வேன் அக்கா தரையில் மேப்பை விரித்து, போகும் வழியைச் சிவப்பு பேனாவால் வரைந்தார்.

"இங்க ரோடு எப்படி?" என்று குஷன்காரர் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"மலைங்க. பெரிய அருவி இருக்காம்."

"அருவி கிடக்கட்டும். குலுக்குமா?"

குலுக்கும் என்று தெரிந்ததும் ஃபோமின் கனத்தை ஏற்றினார். டிரைவர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் இரும்புத் தடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கேஸ் அடுப்புக்கு ஒரு பெட்டி அடித்து, அதன்மேல் சீட்டை அசையாமல் பொருத்தினார். ஓட்டப்போவது ஒரே ஆள், சீட் எதற்கு நகர வேண்டும் என்பது அவர் கணக்கு.

அளவுக்கு மனைவியைக் கூப்பிடவில்லை. அளவெடுக்கும்போது எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்து பொய் சொல்வார்கள், அமுங்கிய ஃபோம் பொய் சொல்லாது என்பது அவர் தொழிலில் கண்டது. பள்ளி வேனின் டிரைவர் சீட்டும் இதேபோல அசையாமல் பொருத்தி அவர் தைத்ததுதான். வேன் அக்கா தூங்கும்போது போய் அதில் விழுந்திருந்த பள்ளத்தை அட்டையில் படியெடுத்தார். பள்ளம் நடுவில் இல்லை, முன்விளிம்பை ஒட்டி இருந்தது. பாவம், அவசரத்தில் சீட் நுனியில் உட்கார்ந்தே ஓட்டுகிறாள் என்று நினைத்து, இந்தச் சீட்டில் அந்தக் குறையையும் திருத்தினார். முதுகு நன்றாகச் சாய இடம் விட்டுத் தைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சீட்டின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். வேன் அக்கா ஏறி உட்கார்ந்தார். க்ளட்ச்சை மிதித்தார். கால் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, ராத்திரியோட ராத்திரியா குட்டையாயிட்டியா?" என்றான் மச்சினன்.

"சும்மா இரு மாப்ள. ஏம்மா, நல்லாப் பின்னாடி சாஞ்சு உட்காரு."

சாய்ந்தார். "இப்ப க்ளட்ச்சே எட்டலைங்க."

குஷன்காரர் டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். "அளவு தப்பாதே. உன் பள்ளத்துலேருந்துதானே எடுத்தேன்."

"விடுங்க மாமா," என்றான் மச்சினன். "அடுத்த லீவுக்குப் போலாம்."

அடுத்த லீவு என்ற சொல் காதில் விழுந்ததும் வேன் அக்கா இறங்கினார். வெளியே நின்ற பள்ளி வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்னத் தலையணையை உருவிக்கொண்டு வந்தார். அதை முதுகுக்குப் பின்னால் வைத்து மிதித்தார். க்ளட்ச் தரையைத் தொட்டது.

"இது எப்பலேருந்து?" என்றார் குஷன்காரர்.

"நீங்க சீட்டு தைச்சுக் குடுத்த மறுநாள்லேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? அன்னிக்குத் தெருவுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வெச்சுக் காட்டுனீங்களே. அதான் நம்ம தெரு வந்ததும் எடுத்து ஒளிச்சிருவேன்."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாமலா? நான் மறந்தா அவங்கதான், 'அக்கா, தலையணை!'ன்னு கத்துவாங்க."

மச்சினன் டயர் மேல் உட்கார்ந்து சிரித்தான். குஷன்காரர் சிரிக்கவில்லை. தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலை பிய்ந்து பஞ்சு எட்டிப் பார்த்தது.

"என் சீட்டு மேல கடைத் தலையணையா? நாடு பூரா பார்க்குமே! சீட்டைப் பிரிச்சுத் தைக்கிறேன். ஒரு வாரம் குடு."

வேன் அக்கா பெஞ்சில் கிடந்த மேப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அருவி மடிப்புக்குள் போனது. அடுத்த மடிப்பில் மலையும் போனது. கோபமாக மடித்திருந்தால் குஷன்காரரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். பள்ளி திறக்கும் நாளில் வண்டியைத் துடைப்பதுபோல நிதானமாக மடித்தார்.

"ஏம்மா," என்றார் குஷன்காரர். "அதை விரிச்சே வை."

ஊசியில் நூல் கோத்து, தலையணையின் பிய்ந்த மூலையைத் தைத்தார்.

"சீட்டுக்குப் போட்ட அதே ரெக்சின்ல ஒரு உறையாவது போட்டுடுங்களேன், மேட்ச்சா இருக்கும்," என்றார் வேன் அக்கா.

"ரெக்சின் வழுக்கும். வளைவுல உன் முதுகு நிக்காது. இப்படியே இருக்கட்டும்."

திங்கட்கிழமை கிளம்பிவிட்டார்கள். ஊரைத் தாண்டி வெகுதூரம் போய் முதல்முறை பெட்ரோலுக்கு நிறுத்தியபோது, பெட்ரோல் போட்டவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சீட்டு பிரமாதமா இருக்கே, யாரு தைச்சது?"

"நான்தான்," என்றார் குஷன்காரர். கொஞ்சம் தயங்கி, "அந்தத் தலையணை மட்டும் கடையில வாங்கினது. மூலை நம்ம தையல்," என்று சேர்த்துக்கொண்டு, எந்த மூலை என்று காட்டக் கதவைத் திறந்தார்.

"அவர்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்கண்ணே," என்று வேன் அக்கா சாவியைத் திருகினார். "நாங்க இன்னும் ரொம்ப தூரம் போகணும்."