மொய் மேசையில் வாசிக்கப்பட்ட என் பில்

விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள டைல்ஸ் கடைக்காரர் என் கணக்கை மூடப்போவதாகச் சொன்ன அன்றுதான் எனக்குச் சட்டத்தில் ஆர்வம் பிறந்தது. பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதுப் பெட்டி இறங்கும் என்றார். பெட்டி இல்லாமல் அடுத்த வேலை இல்லை. பாக்கியைக் கட்டவோ, பாபகூராவில் நான் இரண்டு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொடுத்த மதுரைக்காரர் பாண்டியன் பணம் தர வேண்டும். பதினோராயிரத்து நானூறு டாலர்.

பாண்டியன் கெட்டவர் இல்லை. பணம் கேட்கப் போகும்போதெல்லாம், "அடுத்த மாசம் கண்டிப்பாண்ணே, முதல்ல சாப்பிடுங்க" என்று தோசை வைப்பார். நாலு மாதத்தில் என் எடை கூடியதுதான் மிச்சம். ஒருவர் வீட்டுச் சட்னியை வாயில் வைத்துக்கொண்டு அவரிடமே கறாராகப் பேச எனக்கு வராது.

1. கனடா ஆலோசனை

ரொறன்ரோவில் கட்டட வேலை செய்யும் மச்சான் போனில் குதித்தார். "நீ ஏன் கெஞ்சிக்கொண்டு திரியிறாய்? அவன்ர வீட்டுக்கு மேல லீன் போடு! கடனைத் தீர்க்காமல் வீட்டை விக்கேலாது."

மனுரேவாவில் ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார், எங்கள் ஊர்ப்பக்கம்தான். அவரிடம் போய், பேக்கரியில் பாண் கேட்பதுபோல, "ஒரு லீன் தாங்கோ" என்றேன்.

"அண்ணை, அது கனடாவில. இஞ்ச அந்தச் சட்டத்தை எப்பவோ எடுத்துப்போட்டினம். இஞ்ச பேமென்ட் கிளெய்ம் எண்டு ஒண்டு இருக்கு."

என்ன வேலை, எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டது, எப்போது கட்ட வேண்டும் என்று எழுத வேண்டும். வீட்டுக்காரரின் உரிமைகளைச் சொல்லும் அறிவிப்புத் தாளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு கெடு இல்லாவிட்டால் அவருக்கு இருபது வேலை நாள். அதற்குள், எவ்வளவு தருவேன், ஏன் குறைக்கிறேன் என்று அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். பதிலே இல்லையென்றால் கேட்ட தொகை முழுவதும் கடனாகிவிடும். அப்போதும் தராவிட்டால் அட்ஜுடிகேஷன் என்ற நடுவர் தீர்ப்பு, அதற்கும் அசையாவிட்டால் வீட்டின் மேல் கடனைப் பதியும் சார்ஜிங் ஆர்டர் வரை போகலாம்.

"கையில குடுங்கோ. குடுத்ததுக்குச் சாட்சி வேணும்," என்றார்.

2. கவர்

ஞாயிற்றுக்கிழமை பாண்டியனின் பாபகூராப் புது வீட்டில் கிரகப்பிரவேசம். எனக்கும் அழைப்பு இருந்தது. எழுதிய கிளெய்மையும் அறிவிப்புத் தாளையும் வைக்க வீட்டில் தபால் கவர் இல்லை. மனைவி ராணி, பிள்ளையார் படம் போட்ட அன்பளிப்புக் கவர் ஒன்றை எடுத்துத் தந்தாள். நானும் யோசிக்கவில்லை.

வாசலில் பாண்டியனிடம் நீட்டினேன். "எதுக்குண்ணே இதெல்லாம்!" என்று வாங்கியவர், கராஜில் மொய் எழுதிக்கொண்டிருந்த மைத்துனரிடம் அதை அப்படியே கொடுத்துவிட்டார்.

அவர்கள் ஊர் வழக்கம் எனக்கு அன்றுதான் தெரியும். கவரை அங்கேயே பிரித்து, பெயரையும் தொகையையும் மைக்கில் வாசித்து, நோட்டில் எழுதுவார்கள். பின்னாளில், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். மைத்துனர் மூக்குக்கண்ணாடி போடவில்லை. பெரிய எழுத்தில் இருந்த பெயரும் தொகையும் மட்டும் தெரிந்திருக்கின்றன. பேங்கில் போட்ட ரசீது என்று நினைத்தாராம்.

"மனுரேவா டைல்ஸ் குணம் அண்ணன்! பதினோராயிரத்து நானூறு டாலர்!"

கராஜ் கைதட்டலில் அதிர்ந்தது. யாரோ எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பாண்டியன் கண் கலங்கக் கட்டிப்பிடித்தார். அது பில் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு, அவர்கள் தந்த தாம்பூலப் பையோடு வந்தேன்.

"காசு கேக்கப் போய்த் தேங்காயோட வந்து நிக்கிறியள்," என்றாள் ராணி.

3. இருபத்தோராம் நாள்

அன்று மாலையே பாண்டியன் தாளைப் படித்திருக்கிறார். வெட்கத்தில் அவரும் வாயைத் திறக்கவில்லை. பதில் எழுதவும் இல்லை. இருபது வேலை நாளும் ஓடிவிட்டன.

"குடுத்ததுக்குச் சாட்சி ஆர்?" என்றார் வக்கீல் அம்மா.

"எண்பது பேர். மைக்கில சொன்னவை. நோட்டிலயும் எழுதினவை."

அவர் பேனாவை வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, கெடு முடிந்தது, முழுத் தொகையும் கடன் என்று பாண்டியனுக்குக் கடிதம் அனுப்பினார்.

மறுநாள் பாண்டியனும் அவர் மனைவி மீனாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இந்த முறை தோசை வைத்தது ராணி.

"அண்ணே, ஒரு எட்டாயிரத்துல முடிச்சுக்கலாமா?" என்று பாண்டியன் மென்றுகொண்டே கேட்டார். என் தலை தானாக ஆடத் தொடங்கியது.

மீனா விடவில்லை. "நீங்க சும்மா இருங்க! அவ்வளவு பேரும் கேட்டிருக்காங்க. எழுதின மொய்யக் கொறைச்சுத் திருப்பினா, நாளைக்கு நம்ம வீட்டுக்கு எவன் வருவான்? கூட நூத்தியொண்ணு சேர்த்து அனுப்புங்க."

பாண்டியன் சாப்பாட்டு மேசையிலேயே போனில் பணத்தை அனுப்பினார். பதினோராயிரத்து ஐந்நூற்றொன்று. குறிப்பில் "மொய்" என்று போட்டிருந்தார். மறுநாள் காலை விரிக் கடையில் பாக்கியைக் கட்டிப் பெட்டிகளை இறக்கினேன்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிளெய்மை ஒழுங்காக எழுதுங்கள், அறிவிப்புத் தாளை மறக்காதீர்கள், நாளை எண்ணுங்கள். தோசையை அதற்குப் பிறகு சாப்பிடுங்கள்.

போன மாதம் அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. அந்த நூற்றொரு டாலரை நான் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? ராணி கவரை இரண்டு தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் என்னை வெளியே விட்டாள்.