பல்செட்காரரின் மாப்பிள்ளை

கிளினிக்கின் பின்னறையில் முப்பத்திரண்டு வருஷம் அவர் மற்றவர்களுக்குப் பல் கட்டிக்கொண்டிருந்தார். மேசை நிறைய ரோஸ் நிற மெழுகு, பிளாஸ்டர் அச்சு, வாய் பிளந்து கிடக்கும் தாடைகள். வாசல் போர்டில் இருந்தது டாக்டரின் பெயர். ஆனால் வாய் நிறைய மென்று சாப்பிட்டவர்கள் பல்செட்காரரைத்தான் தேடி வந்து நன்றி சொன்னார்கள்.

ஒரு மாலை பிட்புல் நாய் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். வெளிநாடு போகும் நோயாளி ஒருவர் விட்டுப்போனதாம். மனைவி இரண்டடி பின்னால் போனாள்.

"பேரு என்னவாம்?"

"மாப்ளே."

"பெத்தது ஒரே ஒரு பையன். இதுல மாப்பிள்ளை வேறயா?"

"பொண்ணு இல்லாட்டி என்ன, மரியாதையில குறை வைக்கக் கூடாது பாரு."

தெருவே கூடிப் பாடம் நடத்தியது. "இந்த ஜாதி கடிச்சா தாடை பூட்டிக்கும் சார், கடப்பாறை போட்டுதான் திறக்கணும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். வளர்த்தவர்களையே கடிக்கும், எதைச் சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறாது என்றாள் மாடிவீட்டம்மா.

"தாடையோடதான் சார் நான் குடும்பமே நடத்துறேன். பூட்டு ஒண்ணு இருந்தா என் கண்ணுல படாமலா போயிருக்கும்? உங்களுக்கு இருக்கிற மாதிரி மூட்டுதான் அதுக்கும். வாய்னு இருந்தா கடிக்கத்தான் செய்யும், என் வீட்டுக்காரி உட்பட."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள், பயம் மட்டும் போகவில்லை. அதன் பிறகு ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நாயைத் தொட்டதில்லை. கூடத்தில் அவர் அதனோடு மல்லுக்கட்டும்போது சமையலறை வாசலிலேயே நின்று பார்ப்பாள்.

யாருக்கோ பாதி முடித்த கீழ்வரிசைப் பல் கையில் இருக்க, வேலை மேசையிலேயே அவர் சாய்ந்துவிட்டார்.

அவர் போன மூன்றாவது வாரம் மகன் நாயைப் பற்றிப் பேச்சை எடுத்தான். "அப்பாவுக்கு அடங்குச்சு. உனக்கு அடங்காதும்மா. காப்பகத்துல சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை வண்டி வரும்."

"அங்க வேற யாராவது எடுத்துப்பாங்களா?"

"இந்த ஜாதியை யாரும்மா எடுப்பாங்க? கொஞ்ச நாள் பாப்பாங்க, அப்புறம் ஊசி போட்டு…"

 

சனிக்கிழமை காலை நாய் அவருடைய செருப்பைக் கவ்வி வந்தது. மகன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். அது காலை ஊன்றி உறுமியது. அவன் இன்னும் பலமாக இழுத்தான்.

"பாத்தியாம்மா? பூட்டிக்கிச்சு." துடைப்பக்கட்டைக்குக் கை நீட்டினான்.

அவள் நாயின் வாலைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை மாலைகளில் பார்த்த காட்சி. பழைய துண்டின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அதன் வாயில். அவர் இழுக்க, அது உறுமும். போதும் என்று தோன்றினால் அவர் அதட்டியதே இல்லை. கையைத் தளர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல விட்டத்தைப் பார்ப்பார்.

"இழுக்காதடா. கையை எடு."

"செருப்பைக் கிழிச்சிடும்மா."

"கிழிச்சா கிழிக்கட்டும். எடு."

மகன் கையை எடுத்தான். நாய் குழம்பி நின்றது. உறுமலும் நின்றது. பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, எச்சில் ஊறிய செருப்பை அவள் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தது.

அவள் குனிந்து அதன் நெற்றியில் கை வைத்தாள்.  இத்தனை கதகதப்பாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. மகன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அப்பா போன பிறகு அன்றுதான் அழுதான்.

மறுநாள் வண்டிக்காரர் வந்தபோது அவளே கேட்டருகில் போய் நின்றாள்.

"வேண்டாம் தம்பி, இங்கேயே இருக்கட்டும். உங்களை வீணா அலைய விட்டுட்டோம்."

"இந்த மாதிரி நாய் பழகுமாம்மா?"

"அது பழகிடுச்சு. இனிமே நான்தான் பழகணும்."

வண்டி போனதும் மகன் வாரை எடுத்துக் கொடுத்தான். கழுத்துப்பட்டையில் கொக்கியை மாட்ட அவளுக்கு நான்கு தடவை ஆயிற்று. அதுவரை மாப்பிள்ளை அசையாமல் நின்றார்.