கரண்ட் போகாத நாள்

உங்கள் பெரிய மாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த இரைச்சல் காதில் விழும். தூரத்தில் மாவு மில் ஓடுவது போல, ஏறாமல் இறங்காமல் ஒரே சுதியில் கேட்கும். முன்னறை ஜன்னலோரம் மரப் பெஞ்சின் மேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் சத்தம் அது. பின்பக்கம் கையை வைத்தால் வெதுவெதுப்பாகக் காற்று வரும். அதற்கு எதிரே ஒரு மேசை ஃபேன் பகலும் இரவும் சுற்றிக்கொண்டிருக்கும். "பொட்டிக்கு ஃபேன், எனக்குப் பனையோலை விசிறி" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். மாமா சிரிக்காமல் பதில் சொல்வார்: "அது நின்னா ஊருக்குக் கஷ்டம். நீ வேர்த்தா எனக்கு மட்டுந்தான கஷ்டம்."

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். அதே மில்லில்தான் நான் எலக்ட்ரீஷியன். உங்கள் அம்மாவின் அண்ணன் என்பதால் எனக்கு மச்சான். நீங்கள் படிக்க எழுதுவதால் மாமா என்றே எழுதுகிறேன். தொண்ணூறுகளில் மில்லுக்குப் புது மெஷின்கள் வந்தபோது கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், ரத்த வகை, ஊர், கூப்பிட வேண்டிய போன் நம்பர் எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். அன்று பாதிப் பேருக்குச் சொந்த போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பர், டீக்கடை நம்பர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் ஒரு திரையும் கீபோர்டும் வைத்துக் கொடுத்தார். அதற்கென்று தனி மூளை கிடையாது. அங்கிருந்து போன் லைன் வழியாகக் கூப்பிட்டால் இங்கே மோடம் கிறீச்சிட்டு எடுக்கும். ரத்த வகையை அடித்தால் பெயர்கள் பச்சை எழுத்தில் அங்கே வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை தோறும் பட்டியலைப் பெரிய ஃபிளாப்பிகளில் நகல் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். எர்த் கம்பி, ஸ்டெபிலைசர், யுபிஎஸ் பேட்டரி ஆகிய மூன்றும் என் பொறுப்பு. நாலு வருஷம் அந்தப் பெட்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அத்தையின் தாய் வீட்டுக்கு, மதுரைக்கு, இருவரும் கிளம்பினார்கள். சாவியை என்னிடம் கொடுத்தார். "சந்தனம் குங்குமம் என்னமும் வச்சுக்கோங்க மாப்ள. சுவிட்சுல மட்டும் கை வச்சிராதிய" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மில்லில் ஆயுத பூஜை அன்று எந்த மோட்டாரும் ஓடாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மெயினை இறக்கி, துடைத்து, பொட்டு வைத்து, விடுமுறை முடிந்ததும் ஏற்றுவது என் கை. பூஜை நாளில் ஓடுகிற யந்திரம் ஆளைக் காவு வாங்கும் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தவன். அன்று சாயங்காலம் நான் மாமா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் துடைத்தேன். சந்தனம் வைத்தேன். வெள்ளரிக்காயும் பொரியும் படைத்தேன். சூடம் காட்டும்போது அது இரைந்துகொண்டே இருந்தது. தனக்குச் செய்கிற பூஜையிலும் அது மட்டும் வேலை பார்க்கிறதே என்று மனசு கேட்கவில்லை. ஒரு ராத்திரிதானே, ஆறட்டும் என்று நிறுத்தினேன். அந்த வீட்டில் முதல் தடவையாகக் கடிகாரச் சத்தம் கேட்டது. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விஜயதசமி காலை ஏழு மணிக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது. திரையில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது. மறுபடி நிறுத்திப் போட்டேன். அதே வரி. வருஷக்கணக்கில் சூட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தி ஆறவிட்டால் உள்ளே ஒட்டிக்கொள்ளும், பிறகு சுற்றாது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நான் அதன் முன்னால் நிற்கும்போதே போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பூத்துக்காரர். "அண்ணே, உள்ள போக மாட்டேங்கு. பிரசவ கேஸு. பி நெகட்டிவ் வேணுமாம், ரத்தம் நிக்கலையாம்" என்றார்.

"ராத்திரி கரண்ட் போயிருச்சு தம்பி. பேட்டரி இறங்கிருச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது.

பத்தரைக்கு மாமா மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். அவர் பையைக் கீழே வைக்குமுன்னே, பிரசவத்துக்கு வந்திருந்த அந்தப் பெண்ணின் அண்ணன் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். "பேரை மட்டும் சொல்லுங்கய்யா. நாங்க போய்க் கால்ல விழுந்து கூட்டிட்டு வாரோம்" என்றான். மாமா பெட்டியைத் திறந்து, தட்டிப் பார்த்து, டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் திருகி ஆட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பிஸ்கட் டின்னில் நகல் பத்திரமாக இருந்தது. அதைப் படிக்க இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். மில்லும் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டும் பூஜை விடுமுறையில் பூட்டிக் கிடந்தன. ஊரில் இருந்த மெஷின் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஞாபகத்தில் இருந்த இரண்டு பேரைத் தேடி மாமா ஸ்கூட்டரில் போனார். ஒருவர் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தார். மலையடிவாரம் வரை போயும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொருவர் செட்டியார்பட்டிக்காரர், அவர் வீட்டில் இருந்தார். போன மாதம்தான் கொடுத்திருந்தார், ஆனாலும் வாரேன் என்று கிளம்பினார். அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

திரும்பி வந்து மாமா தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ள, கரண்டு எம்புட்டு நேரம் போச்சு?"

"நாலஞ்சு மணி நேரம் இருக்கும் மச்சான்."

"பேட்டரி ரெண்டு மணி நேரந்தான் தாங்கும். தெரிஞ்சே வச்சிருந்தேன். எம்மேலதான் தப்பு."

திங்கட்கிழமை மில் திறந்ததும் ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். நானும் கூட நின்றேன். பி நெகட்டிவில் ஏழு பெயர் வந்தது. மூன்றாவது ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மாமா அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு வேறு டிஸ்க் வாங்கிப் போட்டார். வாரா வாரம் பட்டியலைத் தாளிலும் அச்சடித்தார். பேட்டரி ஒன்று இருந்த இடத்தில் நாலு வந்தது. நாலையும் தூக்கி வைத்தவன் நான். மாதாமாதம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவனும் நான். அப்போதெல்லாம் அவர் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அடுத்த மூடியைத் திறப்பேன். அவர் இறந்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. பந்தலுக்கு லைட் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் கைப் போனிலேயே எல்லாம் இருக்கிறது. அது எங்கே ஓடுகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் யோசிப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் அத்தை உங்களிடம், "அவிய எம்புட்டோ பாத்துப் பாத்துத்தான் செஞ்சாக. பேட்டரியில கோட்டை விட்டுட்டாக" என்று சொன்னபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அதனால்தான் இதை எழுதினேன். நீங்கள் போய் அவளிடம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன். "அன்னைக்குக் கரண்ட் போகல அக்கா, நான்தான் நிறுத்துனேன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். எட்டரை பஸ்ஸுக்குப் போனால் அவள் சமையலைத் தொடங்குமுன் போய்விடலாம்.