ஓரத்தில் முளைத்த நீலப் புள்ளிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குத் தட்டுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டுகளில் செல் வளர்ப்பது அவள் வேலை. ஹாம்ஸ்டர் என்ற குட்டைவால் எலியின் நுரையீரலிலிருந்து எப்போதோ எடுத்த செல்கள். எலி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் இவை மட்டும் தின்று, பிளந்து, பெருகிக்கொண்டே இருக்கின்றன. காலையில் வந்ததும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, "என்னடி, சாப்டாச்சா?" என்று விசாரித்த பிறகுதான் அவளுக்கு மற்ற வேலை ஓடும்.

"என்னை ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கியா?" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

"உங்களுக்கு வாய் இருக்கு, கேட்டு வாங்கிக்கலாம்."

உயிரியல் படித்துவிட்டு முதலில் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ந்தாள். பிள்ளைகளை அதட்டத் தொண்டை இருந்தது, மனசு வரவில்லை. அங்கிருந்து தப்பி, ஒருவருடைய பிரசவ விடுப்புக்குப் பதில் ஆளாக இங்கே வந்தாள். விடுப்பில் போனவர் திரும்பவே இல்லை. இவளும் நகரவில்லை. செல்கள் அதட்டல் கேட்பதில்லை, எதிர்த்தும் பேசுவதில்லை, சொன்ன நேரத்துக்குச் சோறு போட்டால் போதும் என்பாள்.

அவளுடைய தங்கச்சி ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ரப்பரைச் சூடேற்றி இறுக்கும் பிரஸ் கூடம். அங்கே கிளம்பும் புகையில் நைட்ரோசமின் என்ற வகைப் பொருள் இருப்பதாகத் தெரிந்ததும், தொழிற்சாலையின் பாதுகாப்புக் குழு அது செல்லின் மரபணுவைக் கெடுக்குமா என்று சோதித்துச் சொல்லும்படி இந்தக் கூடத்துக்கே அனுப்பியது. வேலை தட்டுக்காரியின் கைக்கு வந்தது. தங்கச்சி அதற்குள் பயந்துபோய், பேக்கிங் பிரிவுக்கு மாற்றும்படி கேட்டிருந்தாள்.

நைட்ரோசமின் தனியாக இருக்கும்வரை பரம சாது. கல்லீரல் அதைத் தொட்டு மாற்றிய பிறகுதான் சுயரூபம் தெரியும். தட்டில் கல்லீரல் ஏது? அதனால் எலியின் கல்லீரலை அரைத்து எடுத்த சாற்றையும் கூடவே ஊற்றுவார்கள். அப்போது அது செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏ எழுத்துகளில் ஒட்டிக்கொள்ளும். செல் பிளக்கும்போது அந்த எழுத்தைத் தப்பாக நகல் எடுக்கும். மரபணு மாற்றம் என்பது இதுதான். ஆனால் தப்பு நடந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாதே. சில நாள் பொறுத்து, தட்டில் ஒரு விஷத்தைக் கலப்பார்கள். நல்ல செல் அதை ஆகாரம் என்று நம்பித் தின்று சாகும். அதைப் பயன்படுத்தும் மரபணு கெட்டுப்போன செல்லோ தின்னத் தெரியாமல் பிழைத்துவிடும். பிழைத்தது குடும்பமாய்ப் பெருகும். சாயம் ஊற்றினால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நீலப் புள்ளி.

அந்தச் சமயம் பார்த்து புதுத் தட்டுகள் வந்து சேரவில்லை. கூடத்தின் தலைவி டாக்டர் மேடமும் வெளியூர் போயிருந்தார். பல தட்டுகளில் பரப்ப வேண்டிய செல்களை, இருந்த கொஞ்சத் தட்டுகளில் இவள் நெருக்கி அடைத்தாள். கூட்டம் அதிகமானால் புள்ளியும் அதிகமாகத்தானே வரும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள். நாள் கழிந்து சாயம் ஊற்றிப் பார்த்தால் தட்டுகள் பளிச்சென்று வெறுமையாக இருந்தன. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மேடம் வரும்வரைகூடப் பொறுக்காமல் தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணும் இல்லைடி. நிம்மதியா இரு."

"நெசமாவாக்கா? அப்ப பேக்கிங் வேண்டாம்னு சொல்லிடறேன். என் கூட்டாளிங்க எல்லாம் பிரஸ்லதான் இருக்காங்க."

மறுநாள் அந்தத் தட்டுகளைக் குப்பைக்கு அனுப்ப எடுத்தபோது ஒன்றைச் சும்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று நீலப் பொட்டு. சாயக்கறை என்று நகத்தால் சுரண்டினாள். கறையில்லை. அடுத்த தட்டைத் தூக்கினாள், அதே ஓரம், அதே நீலம். நைட்ரோசமின் ஊற்றாத தட்டுகளில் அந்த ஓரமும் சுத்தமாக இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டுகளை வெதுவெதுப்பில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்து, அவை இருந்த பலகையில் கை வைத்தாள். ஒரு பக்கம் சரிந்திருந்தது. செல்கள் எல்லாம் பள்ளத்தில் போய்க் குவிந்திருக்க, மேட்டு ஓரத்தில் கொஞ்சமாக இருந்தவைதான் முளைத்திருக்கின்றன. கூட்டத்தில் ஏன் முளைக்கவில்லை?

மேடம் ஊரிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இவள் தட்டை மூக்குக்கு நேரே நீட்டினாள். மேடம் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு நெருக்கமாப் போட்டே?"

சொன்னாள்.

"என் தப்புதான், சொல்லிட்டுப் போயிருக்கணும். ஒட்டி ஒட்டி இருந்தா ஒரு செல்லுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல குட்டித் துளை வந்துடும். அது வழியா எதையும் பகிர்ந்துக்கும். நல்ல செல் அந்த விஷத்தை மாத்தி, பக்கத்துல பிழைச்சிருக்க வேண்டிய மாறின செல்லுக்கும் ஊட்டி விட்டுடும். ரெண்டும் சேர்ந்து சாகும்."

"அடப் பாவிகளா. பாசத்துலயே கொன்னுடுச்சுங்களா?"

மேடம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பக்கத்துக் கூடத்துக்கு நடந்து போய், கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெட்டித் தட்டு வாங்கி வந்தார். அறிக்கைக்கு அவகாசம் கேட்டார். நைட்ரோசமின் பட்ட செல்களில் ஒரு பங்கு குடுவையில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை தட்டுக்காரி விதை தூவுவது போலப் பரவலாகத் தூவினாள். தங்கச்சியிடம் "இன்னொரு தடவை பாக்கறோம், அதுவரைக்கும் பேக்கிங்ல இரேன்" என்றாள். "நீதானே ஒண்ணும் இல்லேன்னே" என்றாள் அவள். பிரஸ் கூடத்தை விட்டு அவள் நகரவில்லை.

காத்திருந்த நாட்களில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சாம்பார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, செல்கள் எப்படி ஊட்டிவிடும் என்று கணவருக்கு நடித்தே காட்டினாள். அவர் பயந்துபோய்த் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

சாயம் ஊற்றிக் கழுவிய காலையில் கூடமே அவள் மேஜையைச் சுற்றி நின்றது. முதல் தட்டைத் தூக்கினாள். வானத்தில் நட்சத்திரம் இறைத்த மாதிரி நீலம். அடுத்ததிலும் நீலம், அதற்கடுத்ததிலும். கல்லீரல் சாறு சேர்க்காத தட்டுகளில் எங்கோ ஒன்றிரண்டுதான். எல்லாம் உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரி விளங்கியது. மேடம் கைதட்டினார். தட்டுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வராந்தாவுக்கு ஓடிப் போனை எடுத்தாள்.

"அடியே, வந்துடுச்சுடி. தட்டு பூரா நீலம். ஒண்ணு விடாம முளைச்சிருக்கு. நான் நெனச்சது சரியாப் போச்சு."

தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பிரஸ் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "அப்பாடா. உன் குரலே சொல்லுதுக்கா. நல்ல சேதிதானே? நான் இங்கயே இருக்கலாம்ல?"

எதற்காக இத்தனை குதித்தோம் என்று அப்போதுதான் தட்டுக்காரிக்கு உறைத்தது.

"இல்லைடி. முதல்ல நான் சொன்னது தப்பு. அந்தப் புகைல இருக்கறது செல்லை மாத்துது. உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை, தட்டுல நடந்தது உடம்புல அப்படியே நடக்கும்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா இது தெரிஞ்ச பிறகு உன்னை அங்க நிக்க விடமாட்டேன்."

பிரஸ் ஒரு தடவை மூடித் திறந்தது.

"நான் மட்டுமா, எல்லாருமா?"

"யாருமே அந்தப் புகைல நிக்கக் கூடாது."

"இரு, எல்லாரையும் கூப்பிடறேன். போனை ஸ்பீக்கர்ல போடறேன். இப்பச் சொன்னதை முதல்லேருந்து சொல்லு. சந்தோஷத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கக்கா."