குவாந்தானுக்கு மூன்று தடவை

டெராமானுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாராங் கடற்கரையில் மீனை அரைத்து, உருட்டி, அவித்து விற்கிற மனுஷன். கொதிக்கிற அண்டா முன்னால் முப்பது வருஷம் நின்றதில் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. அவரைப் போய் ஒரே மாதத்தில் மூன்று தடவை குவாந்தானுக்குப் பஸ் ஏற வைத்தது மகள் ஹஸ்னாவின் கல்யாணம்.

மகள் என்றால், மனைவி கால்சமின் முதல் புருஷன் ஜுசோவுக்குப் பிறந்தவள். மூன்று வயதில் டெராமான் கைக்கு வந்தாள். அவளுக்கு மூச்சு இரைத்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது இவர். ஜுசோ ஒரு பெருநாளைக்காவது சட்டைத்துணி அனுப்பியிருப்பானா? மூச்! ஆனாலும் நிக்காவில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் உரிமை அவளைப் பெற்ற அப்பனுக்குத்தான். அவன் இருக்கிறபோது அவனைக் கேட்காமல் நிக்கா நடக்காது. வளர்த்தவர் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

முதல் தடவை போனபோது குவாந்தானில் ஜுசோவின் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் தடவை ஜுசோ வாசலிலேயே நிறுத்தி, "பாக்கலாண்ணே" என்று அனுப்பிவிட்டான். மூன்றாம் தடவைதான் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தான்.

"பொண்ணு என்ன ஒசரம் இருப்பா அண்ணே?"

"என் தோள் வரைக்கும் இருப்பா."

ஜுசோ அவர் தோளைப் பார்த்தான். "நானே வந்து கட்டிக்குடுக்கறேன்" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டெராமானுக்குத் தூக்கமே வரவில்லை. ஜுசோ, 'நான் வரல, நீங்களே கட்டிக்குடுங்கண்ணே' என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு. சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"போன காரியம் காயா பழமா?" என்று கேட்டாள் கால்சம்.

"பழம்தான். சோத்தப் போடு."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

"முட்டி வலிக்குது, கால்சம்."

நிக்கா நாளன்று பாய் விரித்த கூடத்தில் ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஹஸ்னா வெள்ளை உடுப்பில், மெத்தையில், அம்மா பக்கத்தில். இமாம் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பொண்ணோட அப்பா முன்னால வாங்க."

டெராமான் எழுந்துவிட்டார். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்த பழக்கம். பாதி எழுந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் ஜுசோவும் எழுவதைப் பார்த்தார். கூடமே அவரைப் பார்த்தது.

"இல்ல... ஃபேன் போடலாம்னு..." என்றார்.

ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்தார். அவமானத்தில் காது எரிந்தது.

ஜுசோ போய் இமாம் பக்கத்தில் உட்கார்ந்தான். இமாம் வழக்கப்படி பெண்ணைக் கேட்டார்: "உங்கப்பா உன்னை இவருக்குக் கட்டிக்குடுக்கறதுல உனக்குச் சம்மதமாம்மா?"

ஹஸ்னா வாயைத் திறக்கவில்லை. இமாம் மறுபடி கேட்டார். மாப்பிள்ளைக்கு நெற்றியில் வேர்த்தது.

"என்னடி, சொல்லேன்" என்று கால்சம் மகளின் தொடையைக் கிள்ளினாள்.

அவள் ஜுசோவைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி, சுவரோரம் உட்கார்ந்திருந்த டெராமானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரியக் கொஞ்சநேரம் பிடித்தது. புரிந்ததும் தலையை ஆட்டினார்.

"சம்மதம்" என்றாள் ஹஸ்னா.

ஜுசோ மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வார்த்தையைச் சொன்னான். மாப்பிள்ளை ஒரே மூச்சில் பதில் சொன்னான். நிக்கா முடிந்தது. சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். டெராமான் மட்டும் சுவரோரம் உட்கார்ந்தபடியே முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.